ஷியா பட்டர் 80 கிராம்னா எத்தனை ஸ்பூன்?

தண்டையார்பேட்டை வாசகி:
குதிகால் வெடிப்புக்கு பாம் (பூசுற களிம்பு) செய்யணும். குறிப்புல ஷியா பட்டர் (ஷியா கொட்டையில எடுக்குற கொழுப்பு) 80 கிராம், தேங்காய் எண்ணெய் 40, தேன்மெழுகு 10. வீட்டில தராசு இல்ல. 15 மில்லி டேபிள்ஸ்பூன் மட்டும் இருக்கு. பாரிமுனையில வாங்கின அரைக்கிலோ கட்டியை அப்படியே ஸ்பூன்ல அள்ளலாமா?

ராயபுரம் சோப்பு:
அள்ளாதீங்க. கட்டியா சுரண்டிப் போட்டா நடுவுல காத்து நிக்கும். அதே ஸ்பூன் ஒரு தடவை 10 கிராம் காட்டும், குவிச்சு அமுக்கினா 18 தாண்டும். உருக்கித்தான் அளக்கணும். உருகின ஷியா ஒரு மில்லி ஏறக்குறைய 0.9 கிராம். கிராமை 0.9-ஆல வகுத்தா மில்லி: 80-க்கு 89 மில்லி, அதாவது தலைதட்டின 6 டேபிள்ஸ்பூன். தேங்காய் எண்ணெய் 40 கிராமுக்கு 3 ஸ்பூன் போதும், ஒரு கிராம்தான் கூடும்.

இன்னொண்ணு முக்கியம். தேவையான அளவுக்குக் கொஞ்சம் கூடவே வெட்டி, அந்தத் துண்டு முழுசும் உருகுற வரைக்கும் வெந்நீர்ப் பாத்திரத்து மேல வைங்க. பாதி உருகினதும் மேலா ஊத்தி அளந்தா, முதல்ல உருகுற இளகின கொழுப்பு மட்டும் பாம்ல போயிடும். கெட்டிக் கொழுப்பு அடியிலயே தங்கும், பாம் இறுகாது.

பெரம்பூர் அக்கா:
ஸ்பூன் வழிஞ்சு கணக்கு தப்பும்மா. எவர்சில்வர் டம்ளர் ஒண்ணை அண்ணாச்சி கடை எலக்ட்ரானிக் தராசுல வெச்சு, காட்டுற எடையை சைபருக்குக் கொண்டுவந்து, 89 கிராம் தண்ணி, அதாவது 89 மில்லி, ஊத்தச் சொல்லு. தண்ணி நிக்கிற இடத்துல உள்பக்கம் ஆணியால ஒரு கீறல் போடு. வீட்டுக்கு வந்து ஈரம் சொட்டுகூட இல்லாம துடைச்சுட்டு, கீறல் வரைக்கும் உருகின ஷியா ஊத்தினா அதுதான் 80 கிராம்.

மெழுகுக்கு இந்த வேலை ஆகாது, அது மணிமணியா இருக்கும். கடையிலயே 10 கிராம் நிறுத்து வாங்கிடு. மே மாச வெயிலுக்கு 20 போடு, இல்லேன்னா டப்பாவுக்குள்ளேயே எண்ணெயா ஓடும்.

ராயபுரம் சோப்பு:
வெளிநாட்டுக் குறிப்புல அவுன்ஸ்னு இருந்தா ஏமாறக் கூடாது. எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.57 மில்லி, ஷியாவுல அது சுமார் 27 கிராம்தான். கப்பும் அப்படித்தான்: அமெரிக்கக் கப் 237 மில்லி, நம்ம கடைகள்ல 250-ம் கிடைக்குது. ஒரு கப்புக்கே 12 கிராம் வித்தியாசம்.

பாமுக்கு அஞ்சு கிராம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்ல. சோப்புக்கு ஸ்பூனைத் தொடவே கூடாது. ஒரு கிராம் ஷியாவுக்கு காஸ்டிக் சோடா (கொழுப்பை சோப்பாக்குற காரம்) சுமார் 0.128 கிராம், ஷியா 10 கிராம் குறைஞ்சா 1.28 கிராம் காரம் மிச்சம் நிக்கும், தோலை அரிக்கும்.

தண்டையார்பேட்டை வாசகி:
பீட்டர்ல அடிச்சு நுரைக்க வெச்சா?

பெரம்பூர் அக்கா:
அடிக்கிறதுக்கு முன்னாடி அளந்துடு. அடிச்ச பிறகு ரெண்டு மடங்குகூட உப்பும். 100 மில்லி டப்பாவுல 50 கிராம்கூட இருக்காது. விக்கிறதா இருந்தா லேபிள்ல கிராம்ல போடுறதுதான் நல்லது.

உருக்கினதை அடுப்பு மேடையில தானா ஆற விட்டா ரவை ரவையா திரியும். டப்பாவுல ஊத்தின கையோட ஃப்ரிட்ஜ்ல வை. ஏற்கெனவே திரிஞ்சிருந்தா மறுபடி முழுசா உருக்கி, சட்டுனு குளிர வை.