பெட்டி மூடி முன்பக்கம் எழும்பி நிற்கிறது, கீல் பள்ளத்தில் கோளாறா?

சிற்றுளி:
அக்கா மகளுக்குத் தோடு, வளையல் வைக்கத் தேக்கில் ஒரு சின்னப் பெட்டி செய்கிறேன். 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், பலகை 12 மி.மீ. கனம். பின்பக்கம் ஒரு அங்குலப் பித்தளைக் கீல் இரண்டு. மூடியை மாட்டினால் முன்விளிம்பில் 3 மி.மீ. இடைவெளி நிற்கிறது. அழுத்தினால் மூடுகிறது, கையை எடுத்ததும் எழும்பிவிடுகிறது. மூடி இடப்பக்கமாக அரை நூல் (சுமார் ஒன்றரை மி.மீ.) நகர்ந்தும் இருக்கிறது. கீல் தகடு 1 மி.மீ., ஊசி ஓடும் குழல் 3 மி.மீ. கீல் பதிய வெட்டிய பள்ளத்தின் ஆழம், மேலே மூடியிலும் கீழே பெட்டியிலும், இடது கீலுக்கு 2 மி.மீ., வலது கீலுக்கு 1.5 மி.மீ. இதைச் சரிசெய்ய முடியுமா?

கொட்டாப்புளி:
முடியும் தம்பி. இடது பள்ளம் ஆழம் அதிகம். பள்ளத்தின் ஆழத்துக்குத் தகட்டின் கனத்தைப் பார்க்கக் கூடாது, குழலின் விட்டத்தில் பாதியைப் பார்க்க வேண்டும். உங்கள் கீலுக்கு அது 1.5. வலது சரியாக இருக்கிறது. இடதில் மேலும் கீழும் அரை மில்லி கூடுதலாக இறங்கியிருப்பதால், முன்பக்கம் மூடும் முன்பே பின்பக்கம் மரமும் மரமும் முட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் அழுத்தினால் ஸ்குரூவைத்தான் பிடுங்கும், அழுத்தாதீர்கள்.

சோதிக்க, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே பின்விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மெல்ல மூடுங்கள். முன்பக்கம் திறந்திருக்கும்போதே காகிதம் இறுகினால் ஆழம்தான் காரணம். விசிட்டிங் கார்டைத் தகடு அளவுக்கு வெட்டி அடியில் ஒன்றோ இரண்டோ வைத்துப் பாருங்கள். மூடி உட்கார்ந்துவிட்டால், அதே கனத்துக்குத் தேக்குச் சீவலை ஒட்டிவிடலாம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, ஒட்டும் இடத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு ஃபெவிகால் போடுங்கள்.

இழைப்புளி:
அண்ணன் சொன்னதோடு ஸ்குரூ தலையையும் பாருங்கள். கீலோடு வரும் ஸ்குரூவே பல நேரம் தகட்டின் குழிவில் முழுசாக இறங்காது. எதிரெதிர்த் தலைகள் இடித்தாலும் இதே கோளாறுதான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்குரூ, ஊசியிலிருந்து 5 மி.மீ. தள்ளி இருக்கிறது, முன்விளிம்பு 150 மி.மீ. தள்ளி. 30 மடங்கு. அங்கே 0.1 மி.மீ. முட்டினால் இங்கே 3 மி.மீ. திறந்து நிற்கும். தலைகளில் மார்க்கர் மை தடவி மூடுங்கள், எதிர்ப்பக்கம் மை ஒட்டினால் தெரிந்துவிடும்.

சிற்றுளி:
இரண்டும் செய்தேன். இடதில் காகிதம் இறுகுகிறது. மை வலது கீலில் ஒரு ஸ்குரூவில் மட்டும் ஒட்டியது, அது சாய்வாக இறங்கியிருக்கிறது. ஓட்டை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது அண்ணா. அதையும் பக்கவாட்டு நகர்வையும் என்ன செய்வது?

கொட்டாப்புளி:
இரண்டுக்கும் ஒரே வைத்தியம். மூங்கில் குச்சியை ஓட்டை அளவுக்குச் சீவி, பசை தொட்டு அடித்து இறக்குங்கள். காய்ந்ததும் மேலே நீட்டியதை உளியால் மட்டமாக வெட்டிவிட்டு, கீலைச் சரியான இடத்தில் வைத்து, தகட்டு ஓட்டையின் நடு மையத்தில் ஊசியால் குத்தி அடையாளம் வையுங்கள். அந்தக் குத்து இல்லாமல் துளை போட்டால் டிரில் முனை ரேகைப் போக்கில் வழுக்கிவிடும், தேக்கில் இது ரொம்பச் சாதாரணம்.

இன்னொன்று, பித்தளை ஸ்குரூவை முதலில் இறக்காதீர்கள். அதே அளவு இரும்பு ஸ்குரூவை மெழுகில் தேய்த்து ஒரு முறை ஏற்றி இறக்கி மரை போட்டுவிட்டு, கடைசியாகப் பித்தளையைப் போடுங்கள். பித்தளையையே முதலில் போட்டால் தலை முறிந்து, தண்டு மரத்துக்குள் நின்றுவிடும். அதை எடுப்பது பெரிய பாடு.

மூடி நகர்ந்ததற்குக் காரணம் பென்சில் கோடாகவும் இருக்கலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று உளிக்குத் தெரியாது. கீலையே வைத்துக் கத்தியால் கீறுங்கள். உளியின் மட்டமான முதுகு, வெட்டாமல் விடும் மரத்தின் பக்கம் இருக்க வேண்டும். முதலில் குறுக்கே நெருக்கமாக மெல்லிய கொத்துகள், பிறகு திறந்த பக்கத்திலிருந்து படுக்கையாகச் சீவி எடுங்கள். பலகை 12 மி.மீ.தான் என்பதால் உள்பக்கம் ஒரு துண்டு மரத்தை வைத்துக் கிளாம்ப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிம்பு பெயரும்.

சிற்றுளி:
இடது பள்ளத்தில் மேலும் கீழும் சீவல் ஒட்டி, வலதில் ஓட்டையை அடைத்து மறுபடி துளை போட்டேன். மூடி தானாக உட்காருகிறது, பக்கமும் சரியாகிவிட்டது. பின்பக்கம் ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது, அதையும் மூட வேண்டுமா?

இழைப்புளி:
வேண்டாம், அது இருக்கட்டும். பாலிஷ் ஏறினால் அந்த இடம் தேவைப்படும். பாலிஷ் போடும் முன் கீல்களைக் கழற்றுங்கள், எது இடது, எது வலது என்று தகட்டின் அடியில் குறித்துக்கொள்ளுங்கள்.