மதம் மாறினால் சாதிச் சான்றிதழ், சொத்து என்ன ஆகும்?

வைகைக்கரை:
தமிழ்நாட்டில் எஸ்.சி. இந்து ஒருவர் கிறிஸ்தவராக மாற நினைக்கிறார். கலெக்டர் அனுமதி வேண்டுமா? சான்றிதழ் செல்லுமா? அப்பா சொத்தில் பங்கு போய்விடுமா? மத சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு இருக்கும்போது எப்படிப் பறிக்க முடியும்?

சட்டப்புள்ளி:
அனுமதி வேண்டாம். 2002-இல் இங்கே கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் எப்போதோ போய்விட்டது. உத்தரப்பிரதேசத்தில் என்றால் 60 நாள் முன்பே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு (கலெக்டருக்கு) எழுதித் தரணும்.

சான்றிதழ் வேறு கதை. 25 மதத்தைக் காக்கிறது; எஸ்.சி. தகுதி அரசியலமைப்பின் 341-ஆவது பிரிவில் வருகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்திப்படி இந்து, சீக்கியர் (1956), பௌத்தர் (1990) மட்டும்தான் எஸ்.சி. கிறிஸ்தவராக மாறினால் இங்கே பி.சி. பட்டியல், இடஒதுக்கீடு 18 சதவீதத்திலிருந்து 26.5-க்குப் போவதால் லாபம் என்று நினைக்காதீர்கள், போட்டி அங்கே கடுமை. எஸ்.டி.க்கு இந்த மத நிபந்தனையே கிடையாது. எஸ்.சி. பட்டியல் இந்து சமூகத் தீண்டாமையை வைத்தும், எஸ்.டி. பட்டியல் பழங்குடி அடையாளத்தை வைத்தும் வந்தது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்; அது போதுமா என்பதில் சர்ச்சை உண்டு.

வைகைக்கரை:
கெஜட்டில் பெயர் மாற்றாமல் விட்டால்?

தாலுகா_பக்கம்:
பெயரை வைத்து மட்டும் முடிவு செய்வதில்லை. புகார் வந்தால் வி.ஏ.ஓ. விசாரணை, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணம் நடந்த இடம் எல்லாம் தோண்டுவார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரி அரசு வேலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது: ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்கும் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது. உண்மையிலேயே இந்து மதத்துக்குத் திரும்பினால் சாதித் தகுதி மீளும். உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்புப்படி மூன்றை நிரூபிக்கணும்: பூர்வீகச் சாதி, தாய் மதத்துக்குத் திரும்பியது, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது. பலர் மூன்றாவதில்தான் மாட்டுகிறார்கள்.

பத்திர_எழுத்தர்:
மதம் மாறுபவருடைய பங்கு போகாது. மதம் மாறியதற்காகச் சொத்துரிமை போகாது என்று 1850-இல் வந்த சாதித் தகுதியிழப்பு நீக்கச் சட்டமே சொல்லிவிட்டது. வில்லங்கம் பிள்ளைகளுக்குத்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 26: மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை கிடையாது, அந்த உறவினர் இறக்கும் நாளில் பிள்ளை இந்துவாக இருந்தாலொழிய. தாத்தா தன் சொத்தைப் பேரன் பேருக்கு உயிலோ செட்டில்மெண்டோ எழுதிவிட்டால் 26 குறுக்கே வராது. கல்யாணம் ஆனவரா? அப்படியென்றால் மதமாற்றத்தையே காரணம் காட்டி, இந்துத் திருமணச் சட்டம் 13(1)(ii)-இன் கீழ் துணைவர் விவாகரத்து கேட்கலாம்.