செங்கோண முக்கோணச் சுற்றளவு: எட்டில் ஒன்று கழிக்கும் முறையில் விடை ஏன் இடிக்கிறது?

கேள்வி:
செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 7 செ.மீ., 24 செ.மீ. சுற்றளவு காண வேண்டும். வர்க்கமூலமே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் முறைப்படி கர்ணம் கண்டேன்: நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்க்க வேண்டும். 24 − 3 + 3.5 = 24.5. சுற்றளவு 55.5 வருகிறது, விடைப் பக்கத்தில் 56. ஆனால் 3, 4-க்கும் 5, 12-க்கும் இதே முறை சரியாக வந்ததே?

பதில் 1:
56தான் சரி. 49 + 576 = 625, அதன் வர்க்கமூலம் 25. 7 + 24 + 25 = 56.

நீங்கள் சோதித்த இரண்டுமே அந்த முறை அச்சாகப் பொருந்தும் இடங்கள். குட்டைப் பக்கம் அ, நீளப் பக்கம் ஆ என்க.
(7ஆ/8 + அ/2)² = அ² + ஆ²
விரித்துச் சுருக்கினால் 48அ² − 56அஆ + 15ஆ² = 0. இருபடிச் சமன்பாடு என்பதால் தீர்வு இரண்டுதான்: அ/ஆ = 3/4 அல்லது 5/12. 6, 8 போன்ற மடங்குகளுக்கும் சரியாக வரும். வேறு எந்த விகிதத்துக்கும் வராது.

பதில் 2:
பிழை எந்தப் பக்கம் போகும் என்பதையும் சொல்லிவிடலாம். விகிதம் 5/12-க்கும் 3/4-க்கும் இடையில் இருந்தால் கர்ணம் கூடுதலாக வரும்: 8, 15-க்கு 17-க்குப் பதில் 17.125. அதற்கு வெளியே என்றால் குறையும்: 20, 21-க்கு 29-க்குப் பதில் 28.375. குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் கால் பங்குக்கும் கீழே போனால் முறையே உடைந்துவிடும். 3, 40 போட்டுப் பாருங்கள், 36.5 வரும். கர்ணம் 40-ஐவிடச் சிறியதாக இருக்கவே முடியாது. தேர்வில் இதைத் தொடாதீர்கள்.

வேலி, கம்பி அளக்கிறவர்களுக்கு ஒன்று: 6 அடி, 9 அடி என்றால் கர்ணம் √117, சுமார் 10.82 அடி. அது 10 அடி 82 அங்குலம் அல்ல. 0.82-ஐ 12-ஆல் பெருக்கினால்தான் அங்குலம்: 10 அடி, கிட்டத்தட்ட 10 அங்குலம்.

கேட்டவர்:
புரிந்தது, நன்றி. கர்ணம் 25, பரப்பளவு 84 என்று மட்டும் கொடுத்தால்? இரண்டு பக்கமும் தெரியவில்லையே.

பதில் 1:
தனித்தனியே தேட வேண்டாம், கூட்டுத்தொகை போதும்.
(அ + ஆ)² = அ² + ஆ² + 2அஆ
முதல் இரண்டும் சேர்ந்தால் கர்ணத்தின் வர்க்கம். அஆ என்பது பரப்பளவைப் போல் இரு மடங்கு, ஆகவே 2அஆ நான்கு மடங்கு. 625 + 336 = 961, வர்க்கமூலம் 31. சுற்றளவு 31 + 25 = 56, உங்கள் பழைய முக்கோணமேதான். பலர் இங்கே நான்குக்குப் பதில் இரண்டால் பெருக்கிவிடுகிறார்கள். 793 வரும், அது முழு வர்க்கம் அல்ல. பள்ளிக் கணக்கில் அப்படி வந்தால் அந்த வரியை முதலில் பாருங்கள்.