பழங்காலத்தை வாழ்ந்து பார்ப்பவர்கள்: என்ன படிக்கலாம்?

கேள்வி:
டோனி ஹார்விட்ஸ் 1998-இல் எழுதிய ‘கான்ஃபெடரேட்ஸ் இன் தி ஆட்டிக்’ நேற்று ராத்திரி படித்து முடித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரை இன்றும் சீருடை போட்டு நடத்திக் காட்டுகிறவர்களைப் பற்றியது. பித்தளைப் பொத்தான் பழசாகத் தெரிய வேண்டுமென்று சிறுநீரில் ஊறவைக்கிறார்கள்! ஆனால் எனக்குப் போரைவிட அன்றாட வாழ்க்கைமேல்தான் ஆசை. எப்படித் தைத்தார்கள், தானியத்தை எப்படிச் சேமித்தார்கள்? எதில் தொடங்கலாம்?

பதில்:
தையல் என்றால் உடை வரலாற்றை ஆராய்ந்த ஜேனட் ஆர்னால்டுதான். ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ வரிசையில் 1560–1620 காலத்துக்கான புத்தகம் 1985-இல் வந்தது. அந்தக் காலத்திலிருந்து மிஞ்சிய உடைகளையே நேரில் அளந்து வரைந்திருக்கிறார். வரைபடத்தில் ஒரு நூல் அளவு, அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலம், நிஜ உடையில் ஓர் அங்குலத்துக்குச் சமம். நான் முப்பது வருடமாகத் தைக்கிறேன். ஒட்டுப் போட்ட இடத்தைக்கூட விடாமல் குறித்திருப்பதைப் பார்த்து அசந்துபோனேன்.

பதில்:
சேமிப்பு பற்றி பீட்டர் ரெனால்ட்ஸ் எழுதியதைப் படியுங்கள். இங்கிலாந்தின் பட்சர் பண்ணையில் 1972 முதல் இரும்புக்கால விவசாயத்தைச் செய்தே பார்த்தவர். தானியத்தைக் குழியில் கொட்டிக் களிமண்ணால் மூடினார். ஓரத்துத் தானியம் முளைவிட்டு உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மிச்சம் கெடாமல் இருக்கும். 1979-இல் வந்த ‘அயர்ன் ஏஜ் ஃபார்ம்’ சின்னப் புத்தகம்தான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. முதலில் குழி, அப்புறம் தையல். எங்கள் அப்பாயி நெல்லைக் குதிரில் போட்டு வாயை மண்ணால் பூசியது ஞாபகம் வருகிறது.