லீசிங், கடனட்டை, ஆப் கடன், அடைவு நகை: எதை முதல்ல கட்டுறது?

வடலி எழுதியது:

தம்பிக்கு 26 வயது, யாழ்ப்பாண ரவுணில தனியார் வேலை. சேமலாப நிதி கழிச்சுக் கைக்கு வாறது 74,000 ரூபாய். வீட்டுக்கு 25,000, பெற்றோலுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் 12,000. மிச்சம் 37,000. கடன் விவரம்:

மோட்டச்சைக்கிள் லீசிங் மாதம் 17,200. இரண்டு தவணை பிந்திப் போச்சு, இன்னும் 22 தவணை கிடக்கு.
கடனட்டையில 285,000. மாதாமாதம் குறைஞ்சபட்சத் தொகை மட்டும் கட்டுப்படுது.
ஃபோன் ஆப் இரண்டில, ஒண்டுக்கு 22,000, மற்றதுக்கு 40,000.
அம்மாவின்ர மூண்டு பவுண் சங்கிலி வங்கியில 330,000க்கு அடைவு. பத்து மாதம் முடிஞ்சுது, சிட்டையில 12 மாதம் எண்டு போட்டிருக்கு.
சீட்டு மாதம் 5,000. எடுத்தாச்சு, இன்னும் ஒன்பது மாதம் கட்டவேணும்.

ஆப்காரர் ஒரு நாளைக்கு இருபது தரம் ஃபோன் அடிக்கிறதால சம்பளம் வந்த உடன முதல்ல அவைக்குத்தான் போகுது. கனடாவில இருக்கிற சித்தப்பா ஒரே ஒரு தரம் 2 லட்சம் அனுப்பலாம் எண்டுறார். இன்னொருத்தர், காணி உறுதியை வைச்சு 10 லட்சம் எடுத்து எல்லாத்தையும் ஒரேயடியா முடிக்கச் சொல்லுறார். எந்த ஒழுங்கில கட்டுறது? வங்கியிட்டைப் போனா என்னத்தைக் கேக்கிறது? கிரிப்பில, அதுதான் கடன் விவரம் பதிஞ்சு வைக்கிற பணியகத்தில, பேர் விழுந்தா இனிக் கடனே எடுக்கேலாதோ?

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆர் கூடச் சத்தம் போடினமோ அவைக்கு முதல் இடம் குடுத்திருக்கிறியள். லீசிங்காரர் மாதத்தில ரெண்டு தரம் மரியாதையா ஃபோன் எடுப்பினம், பிறகு ஒரு நாள் வந்து பைக்கை ஏத்திக்கொண்டு போவினம். அடைவுக்கு அந்தளவு சத்தமும் இல்லை. ஒரு கடிதம் வரும், பிறகு ஏலம். ஆப்காரரிட்டைப் பறிக்கிறதுக்குப் பொருள் ஒண்டும் இல்லாதபடியாத்தான் ஃபோனைப் போட்டு அடிக்கினம்.

முதல்ல மாதக் கணக்கு. லீசிங் 17,200, கடனட்டைக் குறைஞ்சபட்சம் 5 வீதப்படி 14,250, சீட்டு 5,000. கூட்டினா 36,450. கையில 550 ரூபாய் மிஞ்சும். அப்ப ஆப்புக்குக் கட்டுற ஒவ்வொரு ரூபாயும் லீசிங் தவணையில இருந்துதான் போயிருக்கு. இரண்டு தவணை பிந்தினது அதாலதான்.

ஆப் கணக்கை ஒருக்கா விரிச்சுப் பாருங்கோ. 20,000 எண்டு எழுதி, சேவைக் கட்டணம் 3,000 கழிச்சு, 17,000 கைக்குத் தந்து, 14 நாளில 22,000 கேட்டா, 17,000க்கு 5,000 வட்டி. இரண்டு கிழமைக்கு 29 வீதம். வருடத்துக்குப் பெருக்கினா 760 வீதத்தைத் தாண்டும். அதைவிட மோசம் 'நீடிப்பு'. 4,000 கட்டி இன்னொரு 14 நாள் வாங்கினா முதலில ஒரு சதமும் குறையாது. ஐஞ்சு தரம் நீடிச்சா 20,000 கட்டி முடிஞ்சிருக்கும், 22,000 அப்பிடியே நிக்கும். நீடிப்பை இண்டையோட நிப்பாட்டுங்கோ. கட்டினா முழுசா முடிக்கிறதுக்குக் கட்டுங்கோ, இல்லாட்டிக் கட்டாதேங்கோ.

சித்தப்பாவின்ர 2 லட்சத்தை இப்பிடிப் பிரிக்கலாம். லீசிங் நிலுவை 34,400, அதோட தண்ட வட்டி ஒரு 2,000. அடைவுக்கு 12 மாத வட்டி, வருடம் 15 வீதம் எண்டு வைச்சா 49,500. சிட்டையில உள்ள வீதத்தைப் போட்டு நீங்களே பாருங்கோ. ஆப் இரண்டும் 62,000. மொத்தம் 147,900. மிச்சம் 52,100இல ஒரு லீசிங் தவணையைத் தனியா எடுத்து வைச்சிட்டு, மிஞ்சிற 35,000ஐ கடனட்டைக்குப் போடலாம். ஆனா அட்டையை வெட்டினாப் பிறகுதான்.

பனங்கிழங்கு எழுதியது:

வட்டி கூடின கடனை முதல்ல முடிக்கோணும் எண்டுதான் எல்லா இடமும் சொல்லுகினம். கடனட்டைக்கு 28 வீதம் எண்டு வைச்சா, லீசிங்குக்கு அதைவிடக் குறைவு. அப்ப ஏன் லீசிங்கை முன்னுக்குத் தள்ளுறியள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாக் கடனும் திகதிக்குக் கட்டுப்பட்டுக்கொண்டிருந்தா நீங்கள் சொல்லுறது சரி. நிலுவையில நிக்கேக்க சரிவராது. பைக்கை இழுத்தா அதோட முடியாது. இழுத்த கூலி, யார்ட் வாடகை எல்லாம் கணக்கில ஏறும். பிறகு கிடைச்ச விலைக்கு வித்துப்போட்டு, குறையிற காசைத் திரும்பவும் உங்களிட்டையும் பிணை நிண்டவரிட்டையும் கேப்பினம். வேலைக்குப் போற வாகனமும் இல்லை, கடனும் தீரேல்லை.

கடனட்டையில கவனிக்கவேண்டியது வேறை. 285,000க்கு 28 வீதம் எண்டா மாத வட்டியே 6,650. 14,250 கட்டினா முதலில 7,600 குறையும். ஆனா அதே அட்டையில பெற்றோலும் சாமானும் 7,000க்கு அடிச்சா நிண்ட இடத்திலதான் நிப்பியள். நிலுவை இருக்கிற அட்டைக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, புதுசா வாங்கிற சாமானுக்கு வாங்கின அண்டைக்கே வட்டி தொடங்கும். கனபேருக்கு இது தெரியாது.

வங்கியிட்டை, முழு நிலுவையையும் தவணைக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கோ. வருடம் 16 வீதத்தில 36 மாதத்துக்குத் தந்தா மாதம் 10,000 சொச்சம். 14,250ஐ விட 4,000க்கு மேலை குறைவு, முடியிற திகதியும் தெரியும். கையெழுத்து வைக்க முன்னம் மூண்டு கேள்வி கேளுங்கோ: மாத்திறதுக்குக் கட்டணம் எவ்வளவு? ஒரு தவணை பிந்தினா பழைய வட்டிக்குத் திரும்புமோ? சொல்லுற வீதம் குறைஞ்சு போற மீதிக்கோ, முதல் தொகைக்கோ? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு லட்சத்தை 24 வீதத்தில் ஒரு வருடத்துக்கு எடுத்து, வட்டியை முதல் தொகைக்கே போட்டா மாதம் 10,333. கேக்க 24 மாதிரித்தான் இருக்கும், குறைஞ்சு போற மீதிக்குக் கணக்குப் பாத்தா கிட்டத்தட்ட 42 வீதம்.

இன்னொண்டு. சம்பளம் வாற வங்கியும் கடனட்டை வங்கியும் ஒண்டெண்டா, நிலுவை கூடேக்க கணக்கில இருந்து வங்கி தானா எடுக்கக்கூடும். பிறகு லீசிங்குக்குக் காசு இராது. முடிஞ்சா சம்பளத்தை வேறை வங்கிக்கு மாத்துங்கோ. சம்பளம் 28ஆம் திகதி, லீசிங் 20ஆம் திகதி எண்டா, தவணைத் திகதியை 1க்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுங்கோ. பாதித் தண்ட வட்டி அந்த எட்டு நாளாலதான் வாறது.

ஒழுங்கைமுனை எழுதியது:

காணி உறுதியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, அதுதான் இதில ஆகப் பெரிய ஆபத்து.

கடனட்டையும் ஆப்பும் பொருள் பிணை இல்லாத கடன். அதைக் காணிக் கடனா மாத்தினா, இப்ப ஒண்டும் பறிக்க முடியாத ஆள் நாளைக்கு வீட்டைப் பறிக்கலாம். தனியாரிட்டைப் போனா பெரும்பாலும் ஈட்டு உறுதி எழுத மாட்டினம். 'அறுதியா (வித்ததா) எழுதித் தா, காசு கட்டினா மீள எழுதித் தாறன்' எண்டுதான் சொல்லுவினம். வாய்ப்பேச்சு உறுதியில இருக்காது. ஏற்கெனவே காணியை ஈடு வைச்சோ மீட்பு நிபந்தனையோட எழுதியோ இருக்கிற ஆக்களுக்கு, 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குற, ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இணக்கம் பேசுற கடன் இணக்கச் சபை எண்டு ஒண்டு இருக்கு. மீட்புக் காலம் முடிய முன்னம் விண்ணப்பிக்கவேணும். அறுதியா எழுதிக் குடுத்தவைக்கு அந்தக் கதவு லேசில திறக்காது.

கனபேருக்கு ஜெயில் பயமும் இருக்கும். லீசிங்கோ கடனட்டையோ கட்டாமல் விட்டா அது சிவில் வழக்கு. காசோலை வேறை விசயம். கணக்கில காசில்லாமல் காசோலை குடுத்து அது திரும்பினா, 1990ஆம் ஆண்டு 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டப்படி அது குற்றம். ஆகவே கடன் குடுக்கிறவர் 'பாதுகாப்புக்கு ரெண்டு வெறும் செக் தா' எண்டா குடுக்காதேங்கோ. தொகை எழுதாத புறோநோட்டும் அப்பிடித்தான். கடன் குடுத்தவர் தனியாள் எண்டா, 1918ஆம் ஆண்டுப் பணக்கடன் கட்டளைச் சட்டப்படி, வட்டி அநியாயமா இருந்தா நீதிமன்றம் கணக்கைத் திறந்து பாக்கலாம். அதுக்கு நீங்கள் கட்டின காசுக்குச் சிட்டை வேணும். மீற்றர் வட்டிக்காரர், அதுதான் அநியாய வட்டிக்குக் குடுக்கிறவை, சிட்டை தராததுக்குக் காரணம் இதுதான். வங்கி வழியாப் போட்டா, தராட்டியும் பதிவு இருக்கும்.

ஆப் விசயத்தில செய்யவேண்டியது: ஃபோன் அமைப்பில போய்த் தொடர்பு இலக்கம், படங்கள், இருப்பிடம் மூண்டுக்கும் குடுத்த அனுமதியை எடுத்துவிடுங்கோ. ஆப்பை அழிக்க முன்னம் கடன் பக்கத்தையும் கட்டின பக்கத்தையும் படம் பிடிச்சு வையுங்கோ, அழிச்சா கணக்குக் காட்ட ஒண்டும் மிஞ்சாது. மத்திய வங்கியின்ர இணையத்தளத்தில அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள் பட்டியல் இருக்கு, அதில பேர் இருக்கோ எண்டு பாருங்கோ. வட்ஸ்அப்பில எழுத்தில கேளுங்கோ: கைக்குத் தந்தது இவ்வளவு, கட்டினது இவ்வளவு, முடிக்கிறதுக்கு இவ்வளவு தாறன், முடிஞ்சுது எண்டு எழுதித் தாங்கோ. மிரட்டினா, படத்தை வெட்டி ஒட்டிச் சொந்தக்காரருக்கு அனுப்பினா, அது பொலிஸில முறைப்பாடு. இலக்கம், நேரம், செய்தி எல்லாம் கையில இருக்கட்டும். பிணை நிண்டவருக்கும் வேலையிடத்து மேலாளருக்கும் தம்பியே முந்திச் சொல்லிவிட்டா ஆப்காரர் அவைக்கு எடுக்கிற ஃபோனுக்குப் பாதி மதிப்புப் போயிடும்.

வடலி எழுதியது:

நன்றி. சீட்டை ஒன்பது மாதம் நிப்பாட்டினா? சித்தப்பா, கனடாவில மாதிரி ஒரு அலுவலகத்தில போய் எல்லாக் கடனையும் பாதிக்குக் குறைக்கேலாதோ எண்டும் கேக்கிறார்.

பனங்கிழங்கு எழுதியது:

சீட்டில கை வையாதேங்கோ. அதில வட்டியும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனா தாச்சிக்காரி, அதுதான் சீட்டு நடத்திறவ, ஒழுங்கைக்குள்ளதான் இருக்கிறா, கட்டாட்டி அவவின்ர முகத்தில முழிக்கேலாது.

கனடா மாதிரி, அனுமதி பெற்ற ஒரு ஆளிட்டைப் போய் எல்லாக் கடன்காரருக்கும் சேர்த்து ஒரு தொகை பேசுற ஒழுங்கு இஞ்சை நடைமுறையில இல்லை. ஒவ்வொரு இடத்திலயும் தனித்தனியாக் கதைக்கவேணும். அதைவிட நல்ல வழி சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம். வட்டி கடனட்டையை விடக் குறைவு. ஆனா அங்கத்துவமும் சேமிப்பும் இருந்துதான் தருவினம், ரெண்டு பிணையும் கேப்பினம். இண்டைக்குச் சேர்ந்து நாளைக்குக் கேக்கேலாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கிரிப் பற்றி. கொடுகடன் தகவல் பணியகம் ஆரையும் கறுப்புப் பட்டியலில போடுறேல்லை. எந்தத் தவணை எத்தினை நாள் பிந்தினது எண்டு நிறுவனங்கள் அனுப்புறது அதில நிக்கும், கடன் தாறதோ இல்லையோ எண்டு தீர்மானிக்கிறது வங்கி. முதல்ல தம்பி தன்ர அறிக்கையை எடுத்துப் பாக்கட்டும். கட்டி முடிச்ச கடன் இன்னும் நிலுவை எண்டு கிடந்தா, அதை அனுப்பின நிறுவனத்துக்கு எழுதித் திருத்தலாம். பிணை நிண்டவரின்ர அறிக்கையிலயும் இந்தக் கடன் தெரியும், அவருக்குச் சொல்லிவிடுங்கோ.

வங்கிக்கும் லீசிங்குக்கும் போகேக்க வாயால கதைச்சிட்டு வராதேங்கோ. ஒரு பக்கக் கடிதம்: கணக்கு இலக்கம், சம்பளம், வீட்டுச் செலவு, மற்றத் தவணைகள், மாதம் எவ்வளவு எந்தத் திகதியில இருந்து கட்டேலும் எண்டது. கேக்கிறது மூண்டு: தண்ட வட்டியை நீக்குறது, தவணைக் காலத்தை நீட்டுறது, இண்டைய திகதிக்குக் கணக்குக் கூற்று. சம்பளச் சிட்டை மூண்டு மாதத்துக்கு இணையுங்கோ. ஒப்பந்தம் ஆங்கிலத்தில இருந்தா தமிழில விளக்கம் கேளுங்கோ, கேக்க உரித்து உண்டு. பதில் வராட்டி, அல்லது வந்த பதில் சரியில்லாட்டி, மத்திய வங்கியின்ர நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், இலக்கம் 1935. நிறுவனத்துக்கு எழுதின கடிதத்தின்ர பிரதியை அவையும் கேப்பினம். முறைப்பாட்டை விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கு, அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. வழக்குக் கடிதம் வந்தா வேறை ஒருத்தரிட்டையும் போக முன்னம் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாண அலுவலகம்.

இரவில நித்திரை இல்லாமல், சாப்பாடும் இறங்காமல் தம்பி இருந்தா 1926க்கு எடுக்கச் சொல்லுங்கோ. மனநலத்துக்கான இலக்கம், 24 மணித்தியாலமும் வேலை செய்யும். கடன் கதையையும் சொல்லலாம்.

ஒழுங்கைமுனை எழுதியது:

அடைவு விசயத்தில ஒண்டு விட்டுப்போச்சு. 12ஆவது மாதம் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கேக்க திரும்பவும் மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கோ. பவுண் விலை கூடியிருந்தா அதே சங்கிலிக்குக் கூடத் தொகை தருவினம். லீசிங் நிலுவைக்கு அது காணும் எண்டா சித்தப்பாவின்ர காசில ஒரு பகுதி மிஞ்சும். தாறாங்கள் எண்டு முழுத் தொகையையும் எடுக்காதேங்கோ, வட்டி அதுக்கும் ஏறும்.

மீட்டு விக்கிறதெண்டா கஸ்தூரியார் வீதியில ரெண்டு மூண்டு கடையில விலை கேட்டிட்டுப் போங்கோ. 'அடைவை நாங்களே மீட்கிறம்' எண்டு வாற ஆளோட வங்கிக்குப் போனா, சங்கிலி முதல்ல உங்கட கைக்கு வரவேணும். அடைவுச் சிட்டையில மொத்த நிறையும் நிகர நிறையும் தனித்தனியா இருக்கும். மூண்டு பவுண் எண்டா 24 கிராம். கடைத் தராசில 23.2 காட்டினா, சிட்டையை மேசையில வைச்சிட்டு மற்றக் கடையில நிறுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.