உதவி: சிரிப்பு வரும்படி எழுத்துப் போர்வை, நடுவில் என்ன வைப்பது?

பாலக்கோட்டுக்காரி:
அவசரமாக ஒரு யோசனை வேண்டும். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறேன். எழுத்தும் அப்படியே துண்டு சேர்த்துத்தான் வர வேண்டும். பார்த்ததும் சிரிக்க வேண்டும். மாம்பழம், ஒகேனக்கல் பரிசல், தக்காளிக் கூடை, நாலு வரிக் கவிதை என்று எழுதி வைத்திருக்கிறேன். எதுவும் ஒன்றோடொன்று சேரவில்லை. நடுவில் எதை வைக்கலாம்?

ஓசூர் ஊசி:
யாருக்கு அக்கா? என்ன அளவு? தமிழா, ஆங்கிலமா?

மாந்தோப்பு:
மாம்பழமே போதுங்க. கண்ணும் மீசையும் வைத்துவிடுங்கள். கிளிமூக்கு மாம்பழம் என்றால் மூக்கும் தயார்.

நூல்கண்டு:
புதிதாகத் தைக்க வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்து முழுக்க வளைவு. துண்டு சேர்த்தால் வராது. எழுத்தை வெட்டி மேலே வைத்துத் தையுங்கள். எத்தனை தடவை சொல்வது?

கட்பீஸ் அக்கா:
முதலில் யாருக்கு என்று சொல்லும்மா. போர்த்திக்கொள்கிற ஆளிடமிருந்துதான் சிரிப்பை எடுக்க வேண்டும். அவர் எதற்குக் கோபப்படுவார்?

பாலக்கோட்டுக்காரி:
அண்ணனுக்கு. தமிழில்தான். 60க்கு 90 அங்குலம். பள்ளி ஆசிரியர், மே மாதக் கடைசியில் பணி ஓய்வு. காய்ச்சலோடும் பள்ளிக்குப் போவார். வராத பையனை வீட்டுக்கே போய்க் கூட்டிவருவார்.

கட்பீஸ் அக்கா:
அப்புறம் என்ன, ஒரே சொல்: மட்டம்! அவர் போடாதது, யாரையும் போட விடாதது. மாம்பழம், பரிசல் எல்லாவற்றையும் விட்டுவிடு.
நூல்கண்டு சாருக்கு: இதில் வளைவே வேண்டாம். ட இரண்டு பட்டை. ம என்பது ப போட்டு வலப்பக்கம் ஒரு சின்னக் கட்டம். பட்டையை இரண்டரை அங்குலத்துக்கு வெட்டினால், இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக 2 அங்குலம் நிற்கும். எழுத்து 11 அங்குல அகலம், இடைவெளி 2 என்றால் மொத்தம் 50, அறுபதுக்குள் அடங்கிவிடும். புள்ளிக்கு ஒரு சதுரம். புள்ளி இல்லாத எழுத்துக்கும் மேலே அதே உயரத்துக்கு வெறும் துணி சேர்க்க வேண்டும், இல்லையென்றால் வரிசை கோணிக்கொள்ளும்.

நூல்கண்டு:
சதுர ம யாருக்கும் புரியாது.

ஓசூர் ஊசி:
பேருந்து முன்னால் விளக்குப் பலகையில் ஓடுகிற எழுத்தைப் படிக்கிறோமே சார்?

பென்னாகரம் தம்பி:
வெறும் மட்டம் என்றால் போர்வையே மட்டம் என்று நினைக்க மாட்டார்களா?

கட்பீஸ் அக்கா:
நல்ல கேள்வி தம்பி. சுற்றிலும் வருகைப் பதிவேட்டுக் கட்டம் போடலாம். துண்டுத் துணியில் கட்டம் தானாகவே அமையும். மே வரை எல்லாக் கட்டமும் நிறத் துணி, ஜூன் வரிசை மட்டும் வெள்ளை. வாத்தியார் பார்த்த உடனே பிடித்துக்கொள்வார்.

மாந்தோப்பு:
ஓரத்திலாவது ஒரு கிளிமூக்கு வையுங்கள்.

பென்னாகரம் தம்பி:
அண்ணா, அது கூழ் ஆலைக்குப் போகிற பழம். சாப்பிட மல்கோவாதான்.

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரிக்கு வந்து காயாக உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள் தம்பி.

நூல்கண்டு:
இது தையல் இழை.

பாலக்கோட்டுக்காரி:
மட்டம்தான். முதல் ம முடிந்தது, வீட்டுக்காரர் தூரத்திலிருந்தே படித்துவிட்டார். கட்பீஸ் அக்காவுக்கு நன்றி. ஜூன் வரிசைக்கு வெள்ளைக் காடா வாங்கப் போகிறேன்.

ஓசூர் ஊசி:
காடாவை நனைத்துக் காயவைத்து அப்புறம் வெட்டுங்கள் அக்கா, சுருங்கும்.

மாந்தோப்பு:
மல்கோவா விலை தெரியுமா தம்பி?