மாதிரி ரயில் பாதை மரங்களில் பூஞ்சணம்: உதவி தேவை

ஹட்டனில், வீட்டு அறையொன்றில் 1:87 அளவில் (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) தெமோதரை ரயில் பாதை வளைவை அமைத்து வருகிறேன். நிலையத்துக்கு அடியிலேயே ரயில் சுரங்கத்தில் நுழையும் இடம்தான். ரயில் ஓடுகிறது, மரங்கள்தான் வம்பு செய்கின்றன.

தேயிலைத் தோட்ட நிழல் மரமான கிரெவிலியா 20 மீட்டர் என்றால் இந்த அளவில் 23 சென்டிமீட்டர். செப்புக் கம்பியை முறுக்கித் தண்டு செய்து, சாயமிட்ட மரத்தூளை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மே மாத மழை தொடங்கியதிலிருந்து பசை பிசுபிசுக்கிறது. கிளைக் கவட்டில் வெண்பூஞ்சணம். தொட்டால் இலைகள் கொத்தாக விரலோடு வருகின்றன.

தூளை வெயிலில் காயவைத்தேன் (வெயில் இருந்தால்தானே!). அறையில் பல்பு எரியவிட்டேன். மரத்தூளுக்குப் பதிலாக ஒட்டிய அரைத்த ஸ்பஞ்சும் அப்படியே பூஞ்சணம் பூத்தது. வார்னிஷ் பூஞ்சணத்தை நிறுத்தியது, ஆனால் மரம் பிளாஸ்டிக் பூச்செண்டுபோல் மினுங்குகிறது.

பளபளப்பில்லாமல், மலையக ஈரத்தையும் தாங்கும் பசை எது?